தரை வெடி

மலைச்சாமிக்கு ஊர் கொடுத்த பட்டம் ஒன்றே ஒன்றுதான்: 'வெடி'. அகரத்தைச் சுற்றிப் பாறையைப் பிளந்து கிணறு இறக்கவேண்டிய சம்சாரிகள் எல்லாரும், மேடையும் மாலையும் இல்லாமல், தாமாகவே கொடுத்தது. "வெடி வந்தாச்சா?", "வெடிக்கு மோர் குடுத்தீகளா?", "வெடி செத்த நேரம் படுத்திருக்காரு, எழுப்பாதீக" என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள். அசலூர்க்காரன் கேட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். மலைச்சாமிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் மீசை தானாக ஒரு சுற்று மேலே ஏறும்.

அவர் வெடி வைத்த கிணறு எதுவும் வறண்டதில்லை என்பதுதான் அந்தப் பட்டத்தின் அஸ்திவாரம். அஸ்திவாரத்துக்கு அடியில் கொஞ்சம் சூட்சுமமும் இருந்தது. தண்ணீர் வராது என்று மனசுக்குப் பட்ட இடத்துக்கு யாராவது கூப்பிட்டால் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். வேறு எவனாவது போய் வறட்டுக் குழி தோண்டிப் பெயரைக் கெடுத்துக்கொண்ட பிறகு இடுப்பு தானாகச் சரியாகும். தைலம்கூடத் தேவைப்படாது.

திங்கள்தோறும் தோட்டாவும் திரியும் வாங்கத் திண்டுக்கல்லுக்குப் போவார். வாங்கிய கையோடு பேகம்பூரில் முகமது பாரூக்கின் டீக்கடை. நடுப் பெஞ்சில் உட்கார்ந்து தோட்டாப் பையைக் காலடியில் வைப்பார். பீடியோடு வந்தவர்கள் மரியாதையாக எழுந்து போய்விடுவார்கள். வெடிச் சத்தம் கேட்டுக் கேட்டு இடது காது மந்தமாகிவிட்டதால் மற்றவர் பேசுவது அவருக்கு அரைகுறையாகத்தான் விழும். அதனால் அவரே பேசிவிடுவார். எந்தத் தோட்டத்தில் எந்தப் பாறை எப்படி வாயைத் திறந்தது என்று அவர் சொல்லச் சொல்ல, பாரூக் பாலை ஆற்றிக்கொண்டே "ஆகா" போடுவார். அந்த "ஆகா"வுக்காகவே மலைச்சாமி இரண்டாவது டீ சொல்லுவார்.

கரண்டுக் கம்பம் அகரத்தை எட்டிப் பார்த்த வருஷம் அது. மோட்டார் மாட்ட ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் கிணற்றை வெட்டினார்கள், ஆழப்படுத்தினார்கள். மலைச்சாமிக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்த நல்ல காலம் பார்த்துத்தான் பாரூக்கின் மச்சினன் கிதர் முகம்மது பஹ்ரைனிலிருந்து வந்து இறங்கினார்.

அன்றைக்கு மலைச்சாமி கடைக்குள் நுழைந்தபோது அவரைப் பார்த்து எழுந்தவர் யாருமில்லை. கடை முழுக்க முதுகுகள். முதுகுகளுக்கு நடுவே, அவருடைய பெஞ்சில், டெர்லின் சட்டை போட்ட ஒரு ஆள். தோளில் தோல்வாரில் தொங்கிய டிரான்சிஸ்டர் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. பேசவேண்டி வந்ததும் அதன் காதைத் திருகி நிறுத்தினார். தன் விருப்பத்துக்குப் பாட்டை நிறுத்தத் தெரிந்த மனிதனை மலைச்சாமிக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை.

"கடலுக்கு அடியில கெணறு தோண்டுறாங்கண்ணே" என்று கிதர் முகம்மது சொல்லிக்கொண்டிருந்தார்.

"சுத்திலும் அம்புட்டுத் தண்ணி கெடக்கு, இன்னும் எதுக்குத் தோண்டுறான்?" என்று கேட்டார் சோலைமலை. செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறவர்.

"தண்ணிக்கு இல்லண்ணே. எண்ணெய்க்கு. கடல் எண்ணெய்."

"கடலெண்ணெய்தான? அத நான் தெனமும் ஆட்டுறேனே! ஒரு மூட்டைக் கடலையக் கொட்டுனா வந்துட்டுப் போகுது. இதுக்கா கப்பலேறிப் போன?"

"அது கடலை எண்ணெய். இது கடல் எண்ணெய். மண்ணெண்ணெய், பெட்ரோலு எல்லாம் அதுலேர்ந்துதான் வருது."

சோலைமலையின் முகம் விழுந்துவிட்டது. யாரும் ஆட்டாமல், மாடு கட்டாமல், தானாகப் பூமிக்குள்ளிருந்து எண்ணெய் வருகிறது என்ற செய்தி எந்தச் செக்குக்காரனுக்கும் நல்ல செய்தியில்லை.

கிதர் முகம்மது தொடர்ந்தார். ஒருநாள் கடலடிக் கிணற்றில் குழாய் வெடித்துவிட்டதாம். அடியிலிருந்து எண்ணெய் கொப்புளித்துக்கொண்டு வருகிறது. கண்ணுக்கெட்டிய மட்டும் கடல் கறுப்பு. மீனெல்லாம் மல்லாந்து மிதக்கிறது. இரும்பு மூடி செய்து இறக்கினார்கள், தூக்கி எறிந்துவிட்டது. சிமெண்டு கரைத்து ஊற்றினார்கள், கக்கிவிட்டது.

"கடைசியில வெடி வச்சுத்தாண்ணே அடைச்சோம்."

'வெடி' என்ற சொல் கேட்டதும் மலைச்சாமி நல்ல காதைத் திருப்பினார். தம் பட்டத்தை எவனோ எடுத்து மடியில் வைத்துக் கொஞ்சுவதுபோல் இருந்தது.

"என்னது, வெடி வச்சு அடைச்சீகளா?" என்று பெரிதாகச் சிரித்தார். "தம்பி, வெடிங்கிறது தொறக்கிறதுக்கு. சாவியப் போட்டு எவனாச்சும் அடைப்பானா?"

சோலைமலைதான் ஆரம்பித்தார். "ஏலே மலை, தொறக்கிற சாவியப் போட்டுத்தானய்யா பூட்டவும் செய்வாக? திண்டுக்கல்லுல ஒக்காந்துக்கிட்டு இந்தக் கேள்விய கேக்குறியே, பூட்டுக்காரன் எவன் காதுலயாச்சும் விழுந்தா மண்டையில அடிச்சிக்குவான்!"

சிரிப்பு அடங்கவே நேரமானது. பாரூக்கும் சிரித்தார். பாரூக் சிரித்ததைத்தான் மலைச்சாமியால் தாங்க முடியவில்லை.

"அண்ணன் கேக்குறது நியாயம்தான்" என்று கிதர் முகம்மது தன்மையாகச் சொன்னது அதைவிட மோசமாக இருந்தது. ஒரு டீ கிளாசை எடுத்து வைத்தார். "இதுதான் ஒழுகுற கெணறுன்னு வையுங்க. இதுக்குள்ள வெடியப் போட்டா வாய் இன்னும் பெருசாகும். அதனால பக்கத்துல சாய்வா இன்னொரு தொளை போட்டாங்க. அதுக்குள்ள மருந்தக் கெட்டிச்சு வெடிச்சா, நடுவுல இருக்கிற மண்ணு அப்படியே நகந்து, ஒழுகுற கெணத்தோட தொண்டையப் பக்கவாட்டுல நெரிச்சிரும்."

"கடலுக்குள்ள திரி எப்படிய்யா எரியும்?"

"திரி ஏதுண்ணே? வயருதான். கப்பல்ல ஒரு பெட்டி இருக்கும். கைப்பிடிய அமுக்குனா அங்க அடியில டம்முனு கேக்கும்."

"பத்த வச்சிட்டு ஓட வேணாமா?"

"ஓடுறதா? நாங்க டீ குடிச்சுக்கிட்டேல்ல பாத்தோம்."

இத்தனை வருஷமும் திரியைக் கொளுத்திவிட்டு வேட்டியை மடித்துக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் ஓடியதெல்லாம் மலைச்சாமியின் கண்முன் வரிசையாக வந்து போனது. அந்த ஓட்டத்தில் ஒரு கம்பீரம் இருப்பதாக அதுவரை நினைத்திருந்தார்.

"கடல் அப்படியே மேடு மாதிரி எழும்பி நின்னுச்சு. அப்பறம் பொசுக்குன்னு ஒக்காந்துருச்சு. எண்ணெய் நின்னு போச்சு" என்று முடித்தார் கிதர் முகம்மது. பாரூக் ஒரு "ஆகா" போட்டார். மலைச்சாமிக்கு ஒருநாளும் விழாத அளவுக்கு நீளமான "ஆகா".

எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே சோலைமலை தீர்ப்புச் சொன்னார்: "அப்ப நம்ம பக்கத்துக்கு இனிமே ரெண்டு வெடி. பாய் கடல் வெடி. நம்மாளு தரை வெடி."

வெறும் வெடியாக இருந்தவர் தரை வெடியானார். அடுத்த திங்கள் வருவதற்குள் அந்தப் பெயர் தாடிக்கொம்பைத் தாண்டிவிட்டது. தீபாவளிக்குத் தரையில் சுற்றிவிட்டு அணைந்துபோகும் சாமான் போலிருக்கிறதே என்று மலைச்சாமி உள்ளுக்குள் புழுங்கினார்.

வீட்டில் ஒச்சம்மாள் கேழ்வரகுக் களியைக் கிண்டி உருண்டை வைத்து, நடுவில் குழி பறித்துக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். மலைச்சாமி சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குழியிலிருந்து குழம்பு ஒரு பக்கமாகக் கசிந்தது. சட்டென்று ஆள்காட்டி விரலைக் குழிக்குப் பக்கத்தில் சாய்வாகச் சொருகி ஒரு நெம்பு நெம்பினார். களி நகர்ந்தது. குழி வாயை மூடிக்கொண்டது. கசிவு நின்றுவிட்டது.

அந்தப் பாய் சொன்னது பொய்யென்று ஆகியிருந்தால் அன்றைக்குக் களி அவருக்கு நிம்மதியாகத் தொண்டைக்குள் இறங்கியிருக்கும். உண்மையாகப் போய்விட்டது. அதுவும் அழகான உண்மை. தமக்குத் தோன்றாமல் போன உண்மை.

"களியில என்ன வெளையாட்டு? சின்னப் புள்ளைக தோத்துப் போகும்" என்றாள் ஒச்சம்மாள்.

"ஒண்ணுமில்ல."

"தரை வெடின்னு சொல்றாகளாமே உங்கள?"

"எவன் சொன்னான்?"

"எவன் சொல்லல?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பெருமாள்சாமி ஆள் அனுப்பினார். அகரத்தில் தென்னையும் மல்லிகையும் வைத்து நன்றாக இருக்கிறவர். மேட்டுத் தோட்டத்தில் புதுக் கிணறு தோண்டவேண்டுமாம். மலைச்சாமி போய் மண்ணைப் பார்த்தார், பாறையைத் தட்டினார், சுற்றிலும் நின்ற வேலிக்காத்தானைப் பார்த்தார். இடுப்பில் சுருக்கென்றது. வரவேண்டிய இடத்தில் வலி சரியாகத்தான் வந்தது.

"இடம் கொஞ்சம் யோசனையா இருக்கு அய்யா. எனக்கும் இந்த இடுப்பு..."

"அப்படியா? முடியலைன்னா சொல்லிருப்பா" என்றார் பெருமாள்சாமி. "பேகம்பூர்ல அந்தக் கடல் வெடி இருக்காராமே, அவரக் கேட்டுப் பாக்குறேன்."

வலி அந்த நிமிஷமே பறந்துவிட்டது. "கடல் வேற, கல்லு வேறங்கய்யா! நாளைக்கே தமர் அடிக்க ஆரம்பிச்சிருவோம்" என்றார் மலைச்சாமி. பாறையில் மருந்து வைப்பதற்கு உளியால் அடிக்கும் துளைக்குத்தான் தமர் என்று பெயர். அதைத் தம்மைப்போல் அடிக்கத் தமிழ்நாட்டில் ஆளில்லை என்று பெருமாள்சாமியிடம் இரண்டு தடவை சொன்னார்.

"சரி, நீயே அடி. ஆனா பாயும் வந்து நிக்கட்டும். டெர்லின் சட்டையும் ரேடியோப் பெட்டியுமா ஒரு ஆளு கெணத்து மேட்டுல நின்னா கெணத்துக்கே ஒரு மதிப்புல்ல?"

அப்போதுதான் மலைச்சாமி அந்த வார்த்தையை விட்டார். சாதாரணமாக, காதோடு காதாக, பெருமாள்சாமியின் நன்மைக்காகவே சொல்கிற மாதிரி.

"கூப்பிடுங்க. உங்க தோட்டம், உங்க இஷ்டம். ஆனா அது அடைக்கிற கை. ஊத்துக் கண்ணு இருக்கிற எடத்துல அடைக்கிற கைய நிறுத்தலாமாங்கிறத நீங்கதான் யோசிக்கணும்."

அதை அவர் பெருமாள்சாமியிடம் மட்டுமா சொன்னார்? களத்துமேட்டில் சொன்னார், கடைவாசலில் சொன்னார். பஸ்ஸுக்குக் காத்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம்கூடச் சொன்னார். அடைக்கிற கை, அடைக்கிற கை என்று அகரமே முணுமுணுத்தது. பெருமாள்சாமிக்கும் உள்ளூர உதறல்தான். ஆனால் பாய்க்குச் சொல்லியனுப்பியாகிவிட்டது. டெர்லின் சட்டை மேல் இருந்த ஆசையும் போகவில்லை.

கிணறு இறங்கி, பாறை தட்டி, கடைசி வெடிக்கு நாள் குறித்தார்கள். மலைச்சாமி கிணற்றுக்குள் நின்று தமரில் தோட்டாவைச் சொருகிக்கொண்டிருந்தார். வியர்வை கண்ணில் வழிந்தது. நிமிர்ந்து பார்த்தார். மேலே விளிம்பில் கிதர் முகம்மதுவின் தலை. அதற்குமேல் ஒரு குடை. குடையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் பெருமாள்சாமி. பாயின் கையில் ஒரு கலர் சோடா பாட்டில். இத்தனை வருஷத்தில் மலைச்சாமிக்குக் கிடைத்தது மோர். அதுவும் சட்டியில்.

"எப்படிண்ணே இருக்கு?" என்று பாய் மேலிருந்து அன்பாகக் கேட்டார்.

"கடல் மாதிரி இருக்கு" என்றார் மலைச்சாமி.

திரியைக் கொளுத்தி, ஏணியில் ஏறி, புளியமரத்துக்கு ஓடினார். அன்றைக்கு ஓடும்போது கால் பின்னியது. எல்லாரும் பார்ப்பதுபோல் இருந்தது. பார்க்கவும் செய்தார்கள்.

வெடித்தது. புகை அடங்கியது. எட்டிப் பார்த்தால் மாவு அரைத்துக் கொட்டினாற்போல் வெள்ளைத் தூசி. சொட்டுத் தண்ணீர் இல்லை.

"என்ன வெடி இது, பொரி வறுத்த சட்டி மாதிரி காஞ்சு கெடக்கு?" என்றார் பெருமாள்சாமி. சோலைமலை மெல்ல அருகே வந்து நின்றுகொண்டார்; அப்படி ஒரு காட்சியை அவர் விடுகிற ஆளில்லை.

மலைச்சாமி இத்தனை வருஷம் கட்டிய பெயர் அந்தக் குழிக்குள் தூசியாகக் கிடந்தது. வாய் மட்டும் அவருக்கு முந்திக்கொண்டது.

"நான் அன்னைக்கே சொன்னனா இல்லையா?" என்று கத்தினார். "அடைக்கிற கை வந்து எட்டிப் பாத்துச்சா இல்லையா?"

அத்தனை தலைகளும் கிதர் முகம்மதுவின் பக்கம் திரும்பின. அவர் கலர் பாட்டிலைப் பாதியில் நிறுத்தினார்.

"நான் சும்மா எட்டித்தானண்ணே பாத்தேன்?"

"சும்மா பாத்ததுக்கே இப்படி!" என்றார் மலைச்சாமி. கூட்டம் 'ஆமாம்' என்று தலையை ஆட்டியது. பெயர் தப்பித்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு உருண்டை களி கூடுதலாகச் சாப்பிட்டார்.

நிம்மதி அதிக நாள் நீடிக்கவில்லை. எட்டிப் பார்த்தே கிணற்றை அடைத்துவிட்டார் என்ற செய்தி காட்டுத் தீயாகப் பரவியது. மலைச்சாமி எதிர்பார்த்தது, ஜனங்கள் பாயைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள் என்று. ஜனங்களை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பாரூக்கின் கடைவாசலில் சைக்கிளும் வில்வண்டியுமாக நின்றன. கருப்புசாமி என்று ஒருவர் காலையில் வந்து, கிதர் முகம்மதுவைத் தனியாக அழைத்துப்போய், "எங்க சித்தப்பா மகன் கெணத்தச் செத்த எட்டிப் பாக்கணும் பாய். போற வாக்குல ஒரு பார்வை, போதும்" என்றார். சாயங்காலம் அதே சித்தப்பா மகன் வந்து கருப்புசாமியின் கிணற்றைப் பார்க்கச் சொன்னார். பங்காளி கிணறு, சம்பந்தி கிணறு, கோயில் மரியாதையில் முந்திக்கொண்டவன் கிணறு என்று அடைக்கவேண்டிய கிணறுகள் இந்தச் சமவெளியில் இத்தனை இருக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தன் கிணற்றைத் திறக்க மலைச்சாமியைத் தேடியவர்களைவிட அடுத்தவன் கிணற்றை அடைக்கப் பாயைத் தேடியவர்கள் அதிகம். தம் வாழ்நாள் தொழிலே சிறுபான்மைத் தொழில் என்று மலைச்சாமிக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு மத்தியானம் கிதர் முகம்மது சைக்கிளை மிதித்துக்கொண்டு அகரத்துக்கே வந்துவிட்டார். டெர்லின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"அண்ணே, நீங்கதான் என்னைக் காப்பாத்தணும். ஊர்ல எவன் கெணறு வத்துனாலும் என் மேல பழி விழும். அல்லா சாட்சியா எனக்கு வெடியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுண்ணே. நான் பண்டாரி."

"என்ன ஆரி?"

"பண்டாரி. கப்பல்ல சமையக்காரன். அவங்க வெடி வச்ச அன்னைக்கு நான் வச்சது ஒரு அண்டா நெய்ச்சோறு."

மலைச்சாமிக்கு நல்ல காதிலும் ஏதோ கோளாறோ என்று தோன்றியது. "அடைச்சோம், அடைச்சோம்னியே?"

"அந்தக் கப்பல்ல இருந்தா அப்படித்தானண்ணே வாயில வரும்? தேர் இழுத்தோம்னு ஊர்ல எல்லாருந்தான் சொல்றாங்க. அம்புட்டுப் பேருமா வடத்தப் பிடிச்சாங்க?"

மலைச்சாமியின் உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி ஓடியது. சமையல்காரன்! கடல் வெடி இல்லை, கரண்டி! பாயை உட்காரச் சொல்லாமலே உள்ளே பாய்ந்து சட்டையைத் தேடினார். உடனே டவுனுக்குப் போகவேண்டும். நடுப் பெஞ்சில் ஏறி நின்று சொல்லவேண்டும். சோலைமலையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லவேண்டும். ஒரு கை உள்ளே போய் மற்றக் கை வெளியே இருந்த நிலையில் ஒச்சம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"போயி நல்லாச் சொல்லுங்க. அவரு அடைக்கலேன்னா பெருமாள்சாமி கெணத்துல தண்ணி ஏன் வரலைங்கிறதையும் சேத்துச் சொல்லிட்டு வாங்க."

சட்டை பாதியிலேயே நின்றது. மலைச்சாமி கட்டிலில் உட்கார்ந்தார். செத்த நேரம் கழித்து வெளியே வந்து, கிதர் முகம்மதுவின் தோளில் கைபோட்டு, "தம்பி, இந்தப் பண்டாரி விசயம் நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார்.

"எப்படிண்ணே? நான் இன்னைக்கே எல்லார்ட்டயும் சொல்லிரலாம்னு..."

"சொல்லாத! சொன்னா யாரு நம்புவா?"

ஆனால் அன்றைக்கே பெருமாள்சாமி வண்டியைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வந்துவிட்டார். விஷயம் காதில் விழுந்து மலைச்சாமியும் பஸ் பிடித்து ஓடினார். கடை நிறைய ஆள்.

"பாய், நடந்தது நடந்துபோச்சு" என்றார் பெருமாள்சாமி. "அடைச்சவரே தொறந்து விட்டிருங்க."

கிதர் முகம்மது இரண்டு கையையும் கூப்பினார். "அய்யா, நான் வெடிக்காரனே இல்ல. கப்பல்ல சமையல்தான் செஞ்சேன். நான் பண்டாரி."

சோலைமலை கழுத்தை மெதுவாக, மிக மெதுவாக, மலைச்சாமியின் பக்கம் திருப்பினார். "அப்பன்னா அந்தக் கெணறு...?"

மலைச்சாமி எழுந்து நின்றார். வேறு வழி இல்லை.

"கேட்டீகளாய்யா? பண்டாரியாம்!" என்று குரலை உயர்த்தினார். "இதுக்குப் பேருதான் தன்னடக்கம்! கடலையே அடைச்ச மனுசன், சோறு வடிச்சேங்கிறாரு. நம்மள்ல எவனாச்சும் இப்படிச் சொல்லுவானா? ஒரு குட்டைய அடைச்சாக்கூட ஊரெல்லாம் தண்டோரா போட மாட்டானா?"

"இல்லண்ணே, நெசமாவே..."

"நீ சும்மா இரு தம்பி! வெள்ளைக்காரத் தொரைக்குக் கை நடுங்கிருச்சு. பெட்டியில கைய வைக்கப் பயந்துட்டான். 'கிதர், நீயே அமுக்கு'ன்னான். இவரு பிஸ்மி சொல்லி ஒரே அமுக்கு. கடலு தென்னமர ஒசரத்துக்கு எழும்பி நின்னுச்சு!"

கிதர் முகம்மது வாயைப் பிளந்தபடி நின்றார். தாம் பக்கத்திலிருந்து பார்த்தபோதுகூட அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சோலைமலை.

"எங்கிட்டத் தனியாச் சொன்னாரு. தொழில்காரனுக்குத் தொழில்காரன் சொல்ல மாட்டானா?"

பாரூக் ஒரு "ஆகா" போட்டார். நெடுநாளைக்குப் பிறகு மலைச்சாமிக்குக் கிடைத்த "ஆகா". ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் வேறு.

ஏற்பாடு இப்படி முடிந்தது: தமர் அடிப்பது, மருந்து கெட்டிப்பது எல்லாம் மலைச்சாமி. திரியில் நெருப்பு வைப்பது மட்டும் பாய். "உதவிக்கு நீ கூட இரு மலை" என்றார் பெருமாள்சாமி. உதவிக்கு!

கிணற்றுக்குள் இறங்கி மலைச்சாமி தனியாக நின்றார். தூசியை விலக்கிப் பார்த்தால், வடமூலையில் பாறை ஒரு கையகலத்துக்குக் கறுத்திருந்தது. தொட்டார். ஈரம். மோந்து பார்த்தார். ஊற்றுக்கண்தான், இங்கே ஒரு தமர் போட்டால் தண்ணீர் பாய்ந்து வரும். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் போயிருந்தால் அவர் கையாலேயே வந்திருக்கும்.

மேலே கிதர் முகம்மதுவுக்கு யாரோ நாற்காலி போடும் சத்தம் கேட்டது.

தண்ணீர் வந்தால் திறந்தது பாய். வராவிட்டால் அடைத்தது பாய், திறக்கத் தெரியாததும் பாய். அப்புறம் கடல் வெடியாவது கரை வெடியாவது. மலைச்சாமி ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, தம் தொழிலில் முதல் தடவையாக, அடைக்க முடிவு செய்தார். ஈரம் இருந்த இடத்தை விட்டுத் தள்ளி, சாய்வாக, அதன் தொண்டையைப் பார்த்து ஒரு தமர் அடித்தார். கடலுக்கடியில் செய்ததும் இதுதான், களியில் அவரே செய்து பார்த்ததும் இதுதான். நெரிப்பு நன்றாக விழட்டும் என்று தோட்டாவை வழக்கத்தைவிட அதிகமாகவே கெட்டித்தார்.

திரியை நீளமாக மேட்டுக்குக் கொண்டுவந்தார். கிதர் முகம்மது நெருப்பை வைத்தார். வைத்த வேகத்தில் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடினார். ரேடியோப் பெட்டியும் டெர்லினும் பறக்க அவர் ஓடியதைப் பார்க்க மலைச்சாமிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வெடித்தது. புளியமரத்தின் இலையெல்லாம் உதிர்ந்தது. சத்தம் ஓய்ந்த பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் வந்தது. குடத்தைச் சாய்த்தாற்போல் ஒரு களகளப்பு. மலைச்சாமிக்கு அந்தச் சத்தத்தைத் தெரிந்துகொள்ள இரண்டு காதும் தேவையில்லை.

கடலடி மண் நகரும், களி நகரும். மேட்டுத் தோட்டத்துக் கருங்கல் நகரவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் விரிசல் விட்டு, ஊற்றுக்கண்ணை முழுசாகத் திறந்துவிட்டிருந்தது. அவர் திறக்க நினைத்துத் திறந்த கிணறு எதிலும் அவ்வளவு தண்ணீர் வந்ததில்லை.

கூட்டம் கூவியது. பெருமாள்சாமி கிதர் முகம்மதுவைக் கட்டிக்கொண்டார். உளியும் சுத்தியலும் முழுகுகிறதே என்று மலைச்சாமி மட்டும் ஏணியில் இறங்கி, தொடை வரைக்கும் தண்ணீரில் நின்று, தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தார். "இது நான் வச்ச எடம்" என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால், எதற்காக வைத்தாய் என்று கேட்பார்கள்.

சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்தபோது, பெருமாள்சாமியின் மனைவி முதல் செம்புத் தண்ணீரைக் கிதர் முகம்மதுவிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அந்தச் செம்பு வெடி வைத்தவருக்குப் போகும். கூட்டம் அவர் வாயையே பார்த்தது. பாய் ஒரு மடக்கு வாயில் ஊற்றி, கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டினார். உலகத்துச் சமையல்காரர்கள் எல்லாரும் புதுத் தண்ணீரைப் பார்த்து முதலில் யோசிக்கிற விஷயத்தைத்தான் அவரும் யோசித்தார்.

"பருப்பு நல்லா வேகும்" என்றார்.

"கடல் வெடியே சொல்லிருச்சு!" என்றது கூட்டம். அந்த வாக்கியத்தை ஆளுக்கொரு தடவை சொல்லி அனுபவித்தார்கள். சோலைமலைக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. செம்பை வாங்கி மலைச்சாமியின் கையில் திணித்தார்.

"பாயப் பத்தி உனக்குத்தான அம்புட்டும் தெரியும்? நீ சொல்லப்பு. வேகுமா?"

பெருமாள்சாமி பார்த்தார். கருப்புசாமியும் அவர் பங்காளியும் பார்த்தார்கள். கிதர் முகம்மது, 'என்னைக் காட்டிக் குடுத்திராதீங்கண்ணே' என்று கண்ணாலேயே கெஞ்சினாரா, 'இப்பவாச்சும் சொல்லிருங்கண்ணே' என்று கெஞ்சினாரா, தெரியவில்லை. மலைச்சாமி தண்ணீரை வாயில் ஊற்றினார். தேன்போல் இருந்தது. விழுங்க முடியவில்லை. விழுங்கினார்.

"வேகும்" என்றார்.